பழைய டீசல் பிக்கப் வாங்கலாமா? வாசகர் கேள்விகள்

ஒட்டன்சத்திரம் காய்கறி வியாபாரி ஒருவர்: கன்சல்டிங்கில் 2017 மாடல் பொலேரோ பிக்கப் பார்த்திருக்கிறேன். நான் போனபோது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் சுத்தமாக இருந்தது, புகையும் இல்லை. மெக்கானிக் துணை இல்லாமல் நானே என்னென்ன பார்க்கலாம்?

நீங்கள் போனபோதே இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது என்பதுதான் இடிக்கிறது. டீசல் இன்ஜினின் பெரும்பாலான நோய்கள் குளிர்ந்த ஸ்டார்ட்டிங்கில்தான் வெளியே தெரியும். குளிரில் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் போயிருந்தாலும், சிலிண்டரின் கம்ப்ரஷன் (காற்றை அமுக்கும் அழுத்தம்) குறைந்திருந்தாலும், டீசல் தெளிக்கும் நாசில் ஒழுகினாலும் பத்து நிமிடம் ஓடிச் சூடேறியதும் எல்லாம் அடங்கிவிடும். விற்பவருக்கும் இது தெரியும். அதனால் நாளைக் காலை ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லி, ஆறரைக்கே போய் நில்லுங்கள். பானெட்டைத் திறந்து, ரேடியேட்டர் மேல் ஹோஸிலும் இன்ஜின் பிளாக்கிலும் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் யாரோ முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். இன்னொரு நாள் போங்கள்.

சாவி போடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. மேல் ஹோஸை அழுத்துங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் அது மெத்தென்று இருக்க வேண்டும். கல்போல விறைத்திருந்தால் சிலிண்டரில் எரிந்த வாயுவின் அழுத்தம் கூலன்ட்டுக்குள் போயிருக்கிறது, அதாவது ஹெட் கேஸ்கட் சந்தேகம். ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் பச்சையோ சிவப்போ கூலன்ட் தெரிய வேண்டும். செம்மண் கரைத்த மாதிரி துருத் தண்ணீர் இருந்தால், பல மாதமாகக் குழாய்த் தண்ணீரிலேயே ஓடியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே எண்ணெய் மிதந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டியதில்லை, திரும்பி வந்துவிடலாம்.

டிப் ஸ்டிக்கை எடுங்கள். டீசல் இன்ஜின் ஆயில் கறுப்பாக இருப்பது குற்றமல்ல. மாற்றிய ஒன்றிரண்டு நாளிலேயே கறுத்துவிடும். கவனிக்க வேண்டியது அளவும் பிசுபிசுப்பும். அளவு மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் டீசலோ தண்ணீரோ உள்ளே கலக்கிறது. சொட்டு விழவே யோசிக்கிற அளவுக்குக் கெட்டியாக இருந்தால், தேய்ந்த இன்ஜினின் புகையை மறைக்க கெட்டி ஆயிலோ பிசின் மாதிரி அடிட்டிவோ ஊற்றியிருக்கிறார்கள். அந்த மருந்தின் பலன் சில வாரம்தான். ஆயில் மூடியின் உட்புறத்தில் வெண்பழுப்பு நுரை ஒட்டியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

இப்போது சாவியை ஆன் செய்து, செல்ஃப் அடிக்காமல் டேஷ்போர்டைப் பாருங்கள். ஆயில் பிரஷர் விளக்கும் இன்ஜின் விளக்கும் எரிய வேண்டும். எரியாவிட்டால் பழுதில்லாத வண்டி என்று நினைத்துவிடாதீர்கள். விளக்கைக் கழற்றியிருப்பார்கள், அல்லது ஒயரைத் துண்டித்திருப்பார்கள். ஸ்டார்ட் ஆன ஓரிரு விநாடியில் இரண்டும் அணைய வேண்டும்.

ஸ்டார்ட் செய்யும்போது ஒருவர் சைலென்சர் பக்கம் நிற்கட்டும். கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகை அரை நிமிடம் வந்து நின்றால், அது எரியாத டீசல்; ஹீட்டர் பிளக் பலவீனமாக இருக்கலாம், சிறிய செலவு. ஒரு குபுக்கென்று நீலப் புகை வந்து தெளிந்தால் வால்வ் சீல் தேய்ந்திருக்கிறது. சூடான பிறகும் ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போதெல்லாம் நீலம் வந்தால் ரிங், லைனர் வேலை. நெடுநேரம் ஐடிலில் நின்றபின் மிதித்தால் மட்டும் நீலம் வந்தால் டர்போ சீலைச் சந்தேகிக்கலாம். நிற்காத வெள்ளைப் புகை, லேசான இனிப்பு வாடை, கூலன்ட் குறைவு இம்மூன்றும் சேர்ந்தால் ஹெட் கேஸ்கட் அல்லது இ.ஜி.ஆர். (புகையில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் அனுப்பும் அமைப்பு) கூலர். கறுப்புப் புகை பெரும்பாலும் பயமுறுத்தும் அளவுக்குக் கெட்டதல்ல. ஏர் ஃபில்டர் அடைப்பு, இன்டர்கூலர் ஹோஸில் கிழிசல், மூடாமல் சிக்கிய இ.ஜி.ஆர். வால்வ் என்று பல எளிய காரணங்கள் உண்டு. நாசிலாக இருந்தால்தான் செலவு கூடும்.

பதினைந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கியபின் பேக் கம்ப்ரஷன், அதாவது ரிங்கைத் தாண்டிக் கீழே கசியும் வாயு எவ்வளவு என்று பாருங்கள். ஐடிலில் ஆயில் மூடியைத் திருகி எடுத்து, தலைகீழாக அதே வாயின் மேல் சும்மா வையுங்கள். லேசாக நடுங்கினால் சரி. எந்த டீசல் இன்ஜினிலும் கொஞ்சம் வாயு கசியும். மூடி குதித்து விழுந்தாலோ, ரயில் இன்ஜின் மாதிரி குப்குப்பென்று புகை வந்தாலோ ரிங்குகள் முடிந்துவிட்டன. ஒரு எச்சரிக்கை: டர்போ சீல் கசிந்தாலும் இதே மாதிரி அடிக்கும். எனவே இதை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், சந்தேகம் வந்தால் கம்ப்ரஷன் கேஜ் போடச் சொல்லுங்கள். ஹீட்டர் பிளக் துளை வழியாகவே போடலாம். நான்கு சிலிண்டருக்கும் எண் வாங்குங்கள். எண் எவ்வளவு பெரியது என்பதைவிட, அதிகத்துக்கும் குறைவுக்கும் உள்ள வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பதே முக்கியம். நான்கும் ஒரே மாதிரி கொஞ்சம் இறங்கியிருந்தால் இயல்பான தேய்மானம். ஒன்று மட்டும் விழுந்திருந்தால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது, அல்லது வால்வ் உட்காரவில்லை.

காலி வண்டியில் எல்லா இன்ஜினும் நன்றாகத்தான் இழுக்கும். அரை லோடாவது ஏற்றி, உங்கள் ஊரில் பாச்சலூர் ஏற்றம் இருக்கிறதே, அங்கே மூன்றாவது கியரில் மிதித்துப் பாருங்கள். சூடு முள் நடுவைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ரேடியேட்டரோ கேஸ்கட்டோ தயாராக இல்லை. இறங்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டால் கியர் தானாகக் கழல்கிறதா, பின்புறக் கிரவுனில் (பின் அச்சின் கியர்) ஊளைச் சத்தம் வருகிறதா என்றும் பாருங்கள். மலையிலிருந்து வந்ததும் உடனே ஆஃப் செய்யாமல், ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு டர்போ ஆறியபின் அணையுங்கள். வண்டி உங்களுடையதாக இல்லாவிட்டாலும்தான்.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகர்: 2014 அசோக் லேலண்ட் தோஸ்த் ஒன்று விலைக்கு வருகிறது. காலையில் ஒரு தொடுதலில் ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் ஓட்டி நிறுத்தி, டீ குடித்துவிட்டு வந்தால் நீளமாக செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. ‘பேட்டரி வீக்’ என்கிறார் உரிமையாளர்.

பேட்டரி பலவீனமாக இருந்தால் காலையில்தான் அடம்பிடிக்கும். சூட்டில் மட்டும் அடம்பிடிப்பது வேறு கதை.

தோஸ்தில் இருப்பது மூன்று சிலிண்டர், 1478 சிசி காமன் ரெயில் இன்ஜின். இவ்வகையில் பம்பு, ரெயில் என்ற குழாயில் டீசலைப் பல நூறு பார் அழுத்தத்தில் சேர்த்து வைக்கும். கம்ப்யூட்டர் சொல்லும்போது இன்ஜெக்டர் திறக்கும். செல்ஃப் அடிக்கும்போது ரெயிலில் ஒரு குறைந்தபட்ச அழுத்தம் ஏறினால்தான் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்கவே அனுமதிக்கும். இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்திருந்தால் டீசல் ரிட்டர்ன் குழாய் வழியாகத் திரும்பி ஓடிவிடும். குளிர்ந்த டீசல் கொஞ்சம் கெட்டி, கசிவு குறைவு. சூடான டீசல் தண்ணீராக இளகிக் கசிவு கூடும், அழுத்தம் ஏறாது. அதனால்தான் டீக்கடையில் படுத்துகிறது.

உறுதி செய்யும் வழி எளிது. இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் குழாய்களைக் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒளிபுகும் குழாயும் ஒரே அளவு பாட்டிலும் மாட்டி, சூடான இன்ஜினை இரண்டு நிமிடம் ஓட விடுவார்கள். மூன்று பாட்டிலிலும் ஏறக்குறைய ஒரே அளவு சேர வேண்டும். ஒன்றில் மற்றவற்றைப்போல இரண்டு மடங்கு சேர்ந்தால் அந்த இன்ஜெக்டர் முடிந்தது. மூன்றிலும் கொஞ்சமாகவே சேர்ந்து, அழுத்தம் மட்டும் ஏறவில்லையென்றால் பம்பையோ ரெயில் பிரஷர் வால்வையோ பார்க்க வேண்டும். பம்பு என்றால் பேரத்தை நிறுத்திவிடுவது நல்லது. பம்பு தேய்ந்து உலோகத் துகள் வந்திருந்தால் அது ரெயில், இன்ஜெக்டர், டேங்க் வரை பரவியிருக்கும். ஒன்றை மட்டும் மாற்றினால் புதியதும் சில நாளில் போய்விடும்.

இன்னும் இரண்டு சாத்தியங்கள் உண்டு. சூட்டில் செல்ஃப் மோட்டாரே மெதுவாகச் சுற்றினால் கோளாறு மோட்டாரில். வேகமாகச் சுற்றியும் பிடிக்காமல், பத்து நிமிடம் ஆறியதும் தானாகப் பிடித்தால் கிராங்க் சென்சர். இது நடந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, சில்லறைச் செலவு. காதால் கேட்டே பிரித்துவிடலாம்.

இன்ஜெக்டர் மாற்றிய வண்டி என்றால் ஒன்று கேளுங்கள்: புதிய இன்ஜெக்டரின் மேல் அச்சிட்டிருக்கும் குறியீட்டை ஸ்கேனர் மூலம் கம்ப்யூட்டரில் ஏற்றினார்களா? பல காமன் ரெயில் வண்டிகளில் இதைச் செய்யாவிட்டால் ஐடிலில் உதறலும் புகையும் நிற்காது.

தூத்துக்குடி வாசகர்: ‘போன மாசம்தான் ஃபுல் இன்ஜின் வேலை பார்த்தேன், புது இன்ஜின் மாதிரி’ என்று சொல்லி விலை கூட்டுகிறார். கூடுதலாகக் கொடுக்கலாமா?

வேலைக்குக் கொடுக்கலாம், வார்த்தைக்குக் கொடுக்க வேண்டாம். வேலை பார்த்துவிட்டு உடனே ஏன் விற்கிறார் என்பது முதல் கேள்வி. ‘ஃபுல் வேலை’ என்பது நம் ஊர்ப் பட்டறைகளில் ரிங் மாற்றி ஆயில் ஊற்றியதிலிருந்து கிராங்க் கிரைண்டிங் வரை எல்லாவற்றுக்கும் பெயர்.

லேத் பில்லைக் கேளுங்கள். அதில் போர் செய்தார்களா, லைனர் மாற்றினார்களா, பிஸ்டன் ஸ்டாண்டர்டா ஓவர்சைஸா, கிராங்க் எத்தனை மில்லி கிரைண்டிங் என்றிருக்கும். கிராங்க் பொதுவாக 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் என்று படிப்படியாகக் கடையப்படும். கடைசி அளவுக்குப் போய்விட்ட கிராங்க் என்றால் அடுத்த முறை கடைய இடமில்லை. கிராங்கையே மாற்ற வேண்டும். ஹெட் தட்டையாக்கிக் கேஸ்கட் போட்டார்களா, ஆயில் பம்பும் வாட்டர் பம்பும் அப்படியேவா என்றும் கேளுங்கள். புது பேரிங் போட்டு, தேய்ந்த ஆயில் பம்பை அப்படியே விட்ட இன்ஜின்கள் கொஞ்சநாளில் கிராங்கோடு போகும்.

எதனால் இன்ஜின் வேலை வந்தது என்பதை விடாமல் கேளுங்கள். சூடேறிப் போனது என்றால் ரேடியேட்டர் மாற்றிய பில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் காரணம் இன்னும் வண்டியில்தான் இருக்கிறது. பில் எதுவும் இல்லையென்றால் இன்ஜின் வேலை பார்க்காத வண்டியாகவே நினைத்து விலை பேசுங்கள். வேலை பார்க்காமல், ஒழுங்காக ஆயில் மாற்றி ஓடிய பழைய இன்ஜின் இதைவிடப் பலமடங்கு மேல்.

கரூர் வாசகர்: 2016 மாடல். மீட்டரில் 68,000 கிலோமீட்டர்தான். நம்பலாமா?

லோடு வண்டி மீட்டரை நம்பி யாரும் விலை பேசுவதில்லை. வாடகைக்கு ஓடும் பிக்கப் ஒரு வருடத்தில் 40,000 ஓடுவது சாதாரணம். கிளட்ச், பிரேக் பெடல் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிகிறதா, ஸ்டியரிங் வழவழவென்று மின்னுகிறதா, டிரைவர் சீட்டின் வலது ஓரம் குழிந்திருக்கிறதா என்று பாருங்கள். பெடல் ரப்பரும் சீட் கவரும் மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலும் அதே சந்தேகம்தான். சேஸிஸ் நம்பரைக் கொடுத்தால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கடைசியாக வந்தபோது எத்தனை கிலோமீட்டர் என்று சொல்வார்கள். உரிமையாளரை உடன் அழைத்துப் போங்கள்.

கிலோமீட்டரைவிட முக்கியம் சுமந்த பாரம். வண்டிக்கு அடியில் படுத்து ஸ்பிரிங் பிளேட்டுகளை எண்ணுங்கள். கம்பெனி கொடுத்ததற்கு மேல் ஒன்றிரண்டு பிளேட் சொருகியிருந்தால் அது மணலோ கல்லோ சிமென்ட்டோ ஓவர்லோடு அடித்த வண்டி. அப்படிப்பட்டதில் கேபினுக்குப் பின்னாலும் ஸ்பிரிங் ஹேங்கர் அருகிலும் சேஸிஸில் விரிசலோ, வெல்டிங் போட்டு மேலே புதுக் கறுப்புப் பெயின்ட் அடித்த இடமோ இருக்கும். டார்ச் அடித்து, பெயின்ட்டின் பளபளப்பு மாறும் இடங்களை விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். ஓவர்லோடு வண்டியில் கிளட்ச், கிரவுன், வீல் பேரிங் எல்லாமே சேர்ந்து தேய்ந்திருக்கும். இன்ஜின் மட்டும் தப்பித்திருக்க வாய்ப்பில்லை.

ஈரோடு வாசகர்: பிஎஸ் 4 வாங்குவதா, பிஎஸ் 6 வாங்குவதா? டவுனுக்குள் ஜவுளிப் பார்சல் வேலை.

உங்கள் வேலைக்கு நல்ல நிலையிலிருக்கும் பிஎஸ் 4. காரணம் சொல்கிறேன். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ் 6 புகை விதி. அந்த டீசல் வண்டிகளில் புகையில் உள்ள கரியைப் பிடிக்க டி.பி.எஃப். என்ற வடிகட்டி பொதுவாக வரும். அது நிறைந்ததும் 600 டிகிரி அளவுக்குச் சூடாக்கி உள்ளேயே கரியை எரித்துவிடும். அதற்குச் சில நிமிடம் தொடர்ந்து நல்ல வேகத்தில் ஓட வேண்டும். இரண்டு தெரு ஓடி நிற்கும் பார்சல் வண்டியில் அந்த எரிப்பு பாதியில் நின்றுபோகும். வடிகட்டி அடைக்கும், இழுவை குறையும். எரிப்புக்காகக் கூடுதலாகத் தெளித்த டீசல் ஆயிலில் இறங்கி டிப் ஸ்டிக்கில் அளவு ஏறும்.

பிஎஸ் 6 தான் கிடைக்கிறது என்றால் ஸ்கேனர் போட்டு டி.பி.எஃப். கரி அளவைப் பாருங்கள். வடிகட்டியையே வெட்டி எடுத்து, சாஃப்ட்வேரை மாற்றிய வண்டிகளும் சந்தையில் உண்டு. டெயில் பைப்பின் உட்புறத்தில் விரலை விட்டால் கறுப்பு மை அப்பினால் வடிகட்டி இல்லை, அல்லது உடைந்திருக்கிறது. சரியாக வேலை செய்யும் டி.பி.எஃப். உள்ள வண்டியின் டெயில் பைப் கிட்டத்தட்டச் சுத்தமாக இருக்கும். வடிகட்டியை எடுத்துவிடுவது சட்ட மீறல், தலைவலி உங்களுக்கு வரும். நீல மூடி போட்ட டி.இ.எஃப். (புகையைச் சுத்தம் செய்யும் திரவம்) டேங்க் உள்ள மாடல் என்றால் வாயைச் சுற்றி வெள்ளைப் படிகம் கட்டியிருக்கிறதா பாருங்கள். அதில் ஊற்ற வேண்டியது 32.5 சதவீத யூரியாக் கரைசல். உர மூட்டை யூரியாவைக் கரைத்து ஊற்றியிருந்தால் இன்ஜெக்டரும் கேட்டலிஸ்ட்டும் அடைத்துக்கொள்ளும்.

திண்டுக்கல் வாசகர்: குட்டியானை ஐடிலில் கைகால் எல்லாம் உதறுகிறது. இன்ஜின் போய்விட்டதா?

டாடா ஏஸ் 2005-ல் வந்தபோதே 702 சிசி, இரண்டு சிலிண்டர். உதறத்தான் செய்யும். சீட்டைத் தூக்கி, கீழே இருக்கும் இன்ஜின் மவுன்ட் ரப்பர்களைப் பாருங்கள். கிழிந்திருந்தால் உதறல் இரட்டிப்பாகும். மவுன்ட் சரியாக இருந்தும் ஒரு சீரில்லாமல் விட்டுவிட்டு உதறினால், நாசில் குழாயின் நட்டை ஒவ்வொன்றாக லேசாகத் தளர்த்தச் சொல்லுங்கள். தளர்த்தியும் சத்தத்தில் மாற்றமே இல்லாத சிலிண்டர்தான் வேலை செய்யாத சிலிண்டர். பழைய மெக்கானிக்கல் பம்பு ஏஸில் மட்டுமே இதைச் செய்யலாம். காமன் ரெயில் வண்டியில் ஒருபோதும் கூடாது; அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

சென்னை அம்பத்தூர் வாசகர்: சந்தை விலையைவிட மிகக் குறைவாக ஒரு வண்டி. வெள்ளத்தில் நின்றதோ என்று சந்தேகம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையும், இரண்டு வாரத்துக்குள் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதியும் மூழ்கின. அந்த வண்டிகள் பாலிஷ் போட்டுக்கொண்டு வேறு மாவட்டங்களில் விற்பனைக்கு நிற்கலாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கோடு தெரியும். யாரும் அங்கே கழுவுவதில்லை. டேஷ்போர்டுக்குக் கீழே ஒயர் கனெக்டர் ஒன்றைப் பிரித்தால் செம்பில் பச்சைக் களிம்பு இருக்கும். சீட் தண்டவாளம், உள்பக்க போல்ட்டுகளில் வயதுக்கு மீறிய துரு இருக்கும்.

இன்ஜினுக்கு உண்மையான ஆபத்து, தண்ணீரில் நின்றதல்ல. நின்றபோது யாராவது ஸ்டார்ட் செய்தார்களா என்பது. ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால், தண்ணீர் அமுங்காது என்பதால், கனெக்டிங் ராடு சற்று வளையும். வளைந்த ராடோடும் இன்ஜின் ஓடும். பிஸ்டன் முழுதாக மேலே வராததால் அந்த ஒரு சிலிண்டரில் மட்டும் கம்ப்ரஷன் குறையும். ஒருநாள் நெடுஞ்சாலையில் ராடு முறிந்து பிளாக்கில் ஓட்டை போடும். எனவே இங்கே கம்ப்ரஷன் கேஜ் போடாமல் முன்பணமே கொடுக்காதீர்கள்.

நாமக்கல் வாசகர்: பேப்பரில் எதைப் பார்ப்பது? ஃபைனான்ஸில் சீஸ் செய்த வண்டி.

மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் நம்பரைப் போட்டு எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்ஷூரன்ஸ், வரி, ஹெச்.பி. (வண்டி மேல் உள்ள கடன் பதிவு) நான்கையும் பாருங்கள், இ-சலான் நிலுவையைத் தனியாகப் பாருங்கள். எட்டு வயது வரை எஃப்.சி. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும். ஏழரை வயது வண்டி வாங்குகிறவர் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். 15 ஆண்டு தாண்டினால் கட்டணமே வேறு. ஆர்.சி.யில் மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல் இல்லையென்றால் பர்மிட் தேவையில்லை, 1.7 டன் சுமக்கும் பிக்கப்புகளில் இதைக் கட்டாயம் படித்துப் பாருங்கள்.

சீஸிங் வண்டிக்கு ஃபைனான்ஸ் கம்பெனியின் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று), கடன் பதிவை நீக்கக் கையெழுத்திட்ட படிவம் 35-ம் கையில் வந்தபிறகே முழுப் பணம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு மாநிலப் பதிவு என்றால் படிவம் 28 கூடுதலாக. இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற மனுக் கொடுங்கள். யார்டில் மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் டேங்க் அடியில் தண்ணீர் சேர்ந்திருக்கும். செல்ஃப் அடிப்பதற்கு முன் டீசல் ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். தண்ணீர் கீழே தனியாகப் பிரிந்து நின்றால், டேங்கைக் கழுவி, புது ஃபில்டர் போடும் வரை ஸ்டார்ட் செய்ய விடாதீர்கள்.